நீர்மூழ்கிக் கப்பலும் காரைக்குடியும்: செட்டிநாட்டு நாட்குறிப்பு

பிப்ரவரி 25, 2025, செவ்வாய். காரைக்குடி

சிவராத்திரிக்கு முந்தின நாள் தெற்கே போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. திருச்சியில் ஏறியதிலிருந்து நின்றபடியேதான் வந்தேன். பஸ் முழுக்கக் குலசாமி கும்பிடப் போகிறவர்கள். பித்தளைப் பானை, அரிசிப் பை, கூடைக்குள் கால் கட்டிய சேவல். பக்கத்தில் நின்ற அம்மா தன் பானையை என் காலடியில் வைத்து, "சாயாம பாத்துக்க தாயி" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டார். திருமயம் வரை அந்தப் பானைக்கு நான்தான் காவல்.

அதற்கு முன்பே வழியில் மாத்தூர் வந்துபோனது. புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூரில்தான் ஹை எனர்ஜி பேட்டரீஸ் தொழிற்சாலை இருக்கிறது. நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோக்களுக்கு பேட்டரி செய்கிற இடம். வெள்ளி–துத்தநாகம், மக்னீசியம்–வெள்ளி குளோரைடு என்று இரண்டு வகையும் செய்கிறார்கள். நான் சென்னையில் கப்பல் வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். நீர்மூழ்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள செட்டிநாட்டுக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். விசாகப்பட்டினம் போ, மும்பை மசகான் டாக் கப்பல் தளத்துக்குப் போ என்றார்கள். அங்கே கட்டுவது உடல். நீர்மூழ்கி எவ்வளவு நேரம் முழுகி இருக்கலாம், எவ்வளவு வேகமாக ஓடலாம், எப்போது வெளியே தலை காட்டியே ஆக வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது வயிற்றுக்குள் இருக்கும் மின்வேதியியல், அதாவது பேட்டரியில் வேதிவினை மின்சாரமாகும் வித்தை. அந்த வேதியியலுக்கு நம் நாட்டில் ஓர் ஊர் உண்டென்றால் அது காரைக்குடி.

ஊர் வந்து சேர்ந்ததும் ஒரு சிக்கல். முன்பணம் கட்டி வைத்திருந்த லாட்ஜில், அறையை ஒரு கோயில் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். பணம் திரும்ப வருமாம், ரெண்டு நாள் ஆகுமாம். இரவு எட்டரை மணி, கையில் பெட்டி. கூட்டி வந்த ஆட்டோக்காரர் போகாமல் நின்றார். யாருக்கோ போன் போட்டார், பேசினார், "ஏறுங்கக்கா" என்றார். பழைய வீடொன்றின் முன்னால் இறக்கிவிட்டார். எழுபது வயது ஆச்சி ஒருவர் திண்ணையில் இருந்தார். அறை ஒரு நாளைக்கு 900 ரூபாய், காலைப் பலகாரமும் சேர்த்து. ஆட்டோவுக்குக் கூடுதலாக நீட்டிய 50 ரூபாயை அவர் வாங்கவில்லை. "பேசின காசு போதும்க்கா."

ஆச்சி கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டியா ஆத்தா?" இல்லை என்றதும் இடியாப்பமும் கோசுமல்லியும் வந்தன. சுட்ட கத்தரிக்காயின் வாசம் இன்னும் கையில் இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன். காரைக்குடி, மகா சிவராத்திரி

காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். வெள்ளைப் பணியாரத்தை எண்ணெயில் விட்டு ஓரம் கருகாமல் எடுப்பது எளிதல்ல. ஆச்சி பேசிக்கொண்டே செய்கிறார். வீடு முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு என்று பின்தெரு வரை நீள்கிறது. பாதி அறைகளுக்குப் பூட்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும்.

பத்து மணிக்கு மேல் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. எனாமல் தூக்குகள், பர்மா அரக்குப் பெட்டிகள், ரவிவர்மா படங்கள், பூட்டுகள், ஊஞ்சல் சங்கிலிகள். எதையும் வாங்கும் எண்ணம் இல்லாமல்தான் நடந்தேன். ஒரு கடை வாசலில் கனத்த சதுரக் கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. ஊறுகாய் ஜாடி என்று இரண்டு பேர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்பக்கம் ஈயத்தகடு நிற்பதற்கான வரிகள் தெரிந்தன. அது ஊறுகாய் ஜாடி இல்லை, பழைய ஈய–அமில பேட்டரியின் செல். ஊருக்குக் கரண்டு வருவதற்கு முன்பே சில பெரிய வீடுகளில் சொந்தமாக இன்ஜின் வைத்து, இப்படி ஜாடி ஜாடியாக அடுக்கி விளக்கு எரித்தார்கள் என்றார் கடைக்காரர். 2,500 சொன்னார். நான் வாங்கவில்லை, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது.

ஆனால் அந்த ஜாடியை விட்டு நகர மனமில்லை. மாடல் மாறியிருக்கலாம், பொருள் மாறியிருக்கலாம், வேலை செய்யும் முறை அதுவேதான். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கல்வரி வகைக் கப்பலில் இன்றும் ஈய–அமில பேட்டரிகள்தான். மொத்தம் 360 செல், ஒவ்வொன்றும் 750 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 270 டன். அவ்வளவு எடையைச் சுமந்துகொண்டும், முழு வேகத்தில் ஓடினால் அதிக நேரம் தாங்காது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. ஈய பேட்டரிக்கு இன்னொரு குறையும் உண்டு, அவசரமாக இழுத்தால் அதில் இருக்கும் சக்தி முழுவதையும் தராது. அதனால் நீர்மூழ்கியின் தலைவர் எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி இறங்க இறங்க மேலே வந்து, காற்றுக்குழாயை நீருக்கு வெளியே நீட்டி, டீசல் இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். ரேடாருக்கும் விமானத்துக்கும் மாட்டிக்கொள்ளும் நேரம் அதுதான்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் ஆர்வத்தில் சொல்லிவிட்டேன். அவர் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டார். பிறகு, "எங்க சித்தப்பா சப்மரைன்ல இருந்தவரு. தேவகோட்டைல இருக்காரு. பேட்டரி வேலைதான் பாத்தாரு. நாளைக்குப் போறீங்களா?" என்றார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் சைவச் சாப்பாடு, 130 ரூபாய். வெண்டைக்காய் மண்டி இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அரிசி கழுவிய நீரில் செய்த புளிப்பு, வெயிலுக்கு இதமாக இருந்தது. வெயில் பிப்ரவரிக்கு அதிகம்தான்.

சாயங்காலம் சிக்ரி பக்கம் நடந்தேன். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்று பலகையில் இருக்கும், ஊரில் யாரைக் கேட்டாலும் சிக்ரிதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த நிலையத்தைத் தன் ஊர்ப்பக்கத்துக்கு வரவழைத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், பேட்டரிக்கும் துருவுக்கும் ஒரு தேசிய ஆய்வகம் வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். கடலே இல்லாத ஊர். ஆனால் கடலில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் இந்த நிலையத்துக்கு ஒரு சோதனைக்கூடம் உண்டு. டார்பிடோவுக்கான மக்னீசியம்–வெள்ளி குளோரைடு பேட்டரியை உருவாக்கியதும் இங்கேதான். அழகப்பர் 1957-இல் இறந்துபோனார், நாற்பத்தெட்டு வயதுகூட நிறையவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கல்லூரிகளைச் சொல்கிறோம். இதையும் சொல்ல வேண்டும்.

இரவு கோயிலில் நாலு கால பூஜை. ஆச்சி விடிய விடிய விழித்திருந்தார். நான் இரண்டாம் காலத்தோடு வந்து படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன். தேவகோட்டை, ஆத்தங்குடி

அமாவாசை. தேவகோட்டை பஸ் காலியாக இருந்தது, ஊரே தூக்கக் கலக்கத்தில்.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நேராக உட்காருகிறார், சத்தமாகப் பேசமாட்டார். வீட்டில் பேச்சுச் சத்தம் கொஞ்சம் உயர்ந்தாலே கையைக் காட்டி அடக்குகிறார். அவர் வேலை பார்த்தது சோவியத் நாட்டில் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகை நீர்மூழ்கிகளில். நம் நாட்டின் முதல் நீர்மூழ்கி, பழைய ஐ.என்.எஸ். கல்வரி, 1967 டிசம்பர் 8 அன்று அங்கே ரீகா துறைமுகத்தில் கடற்படையில் சேர்ந்தது. அந்த நாளைத்தான் நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதே வகையைச் சேர்ந்த குர்சுரா இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

"எங்கெங்க போனோம்னு மட்டும் கேக்காத தாயி. மத்ததெல்லாம் சொல்றேன்" என்றார் முதலிலேயே. கேட்கவில்லை.

பேட்டரி அறைக்குள் நிமிர முடியாதாம். படுத்தபடி ஊர்ந்து போய், செல் செல்லாக அமிலத்தின் அடர்த்தி பார்த்து, குறைந்ததற்குக் காய்ச்சி வடித்த நீர் விட்டு, எழுதிக்கொண்டு வர வேண்டும். "பருத்திச் சட்டை மேல ஒரு சொட்டு அமிலம் பட்டா அப்ப தெரியாது. தொவைச்சா ஓட்டை." குளிக்கத் தண்ணீர் கிடையாது. உடம்பில், துணியில், சப்பாத்தியில்கூட டீசல் வாடை. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய பயம் ஒன்றுதான், ஹைட்ரஜன். சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில் செல்கள் கொதித்து ஹைட்ரஜனைக் கக்கும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். அதனால் மின்விசிறி ஓடுகிறதா, அளவுமானி என்ன காட்டுகிறது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் இன்றும் வீட்டில் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை இரவு மூன்று முறை பார்ப்பதாக அவர் மனைவி சொன்னார்.

2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேரோடு போனது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காற்றோட்டக் குழாய் வழியாகக் கடல்நீர் முன்பக்க பேட்டரிக்குள் இறங்கி ஷார்ட் சர்க்யூட் ஆனதாக அதிலிருந்து கடைசியாக வந்த செய்தி சொன்னது. 2013-இல் மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் வெடித்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அது வேற காரணம்" என்று மட்டும் சொல்லி, மனைவியைக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

நான் ஜப்பானைப் பற்றிச் சொன்னேன். 2020 மார்ச்சில் அவர்கள் கடற்படையில் சேர்த்த ஒர்யூ தான் லித்தியம்–அயனி பேட்டரியோடு வந்த முதல் பெரிய நீர்மூழ்கி. அதற்கு முன்னால் அதே வகையில் கட்டிய கப்பல்களில் ஸ்டர்லிங் இன்ஜின் இருந்தது, காற்றில்லாமலே மின்சாரம் தருவது. அதையும் ஈயத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடம் முழுக்க லித்தியத்தை நிரப்பினார்கள். அடுத்து வந்த டைகேய் வகையும் அப்படியே. அதே எடைக்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, வேகமாக இழுத்தாலும் குறையாமல் தரும், சீக்கிரம் சார்ஜ் ஏறும், அதனால் தலையை வெளியே காட்டும் நேரம் குறையும். ஹைட்ரஜன் கொதிப்பும் இல்லை.

பெரியவர் தலையசைக்கவில்லை. "ஈயத்தோட குணம் எங்களுக்கு அத்துப்படி. எங்க கோவிச்சுக்கும், எங்க அடங்கும்னு தெரியும். லித்தியம் தீப்பிடிச்சா அணைக்க முடியுமா? ரோட்டுல ஸ்கூட்டர் எரிஞ்சா எறங்கி ஓடலாம். அறுவது மீட்டர் ஆழத்துல எங்க ஓடுறது?"

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2008-இல் அமெரிக்கக் கடற்படையின் ஒரு சிறு நீர்மூழ்கியில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து அந்தக் கப்பலே பயனில்லாமல் போனது. ஒரு செல் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடாக்கும், அது அடுத்ததை. அதனால் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே தடுப்பு, ஒவ்வொன்றின் வெப்பத்தையும் பார்க்கும் மின்னணு, தீ பரவாத வேதிப்பொருள் என்று வருடக்கணக்கில் சோதித்த பிறகுதான் ஜப்பான் கடலில் இறக்கியது. நாமும் அப்படித்தான் போக வேண்டும், ஆனால் போகாமல் இருக்க முடியாது. இது என் கருத்து. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டார்.

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிகலம் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. மகாராஷ்டிரத்தின் அம்பர்நாத்தில் இருக்கும் கடற்படைப் பொருள் ஆய்வகம் பாஸ்பாரிக் அமில எரிகலம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. 2021 மார்ச்சில் தரையிலேயே ஓட்டிக் காட்டினார்கள். ஜெர்மனியில் ஹைட்ரஜனை உலோகத்துக்குள் அடைத்துக் கப்பலில் வைத்துக்கொண்டு போகிறார்கள். நம்முடையது அதைச் சேர்த்து வைப்பதில்லை, தேவைப்படும்போது கப்பலுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. கழிவாக வருவது தண்ணீர். போன டிசம்பர் 30 அன்று, இந்த எரிகலத்தை வைக்கும் நடுப்பகுதியைக் கட்டிக் கப்பலில் சேர்ப்பதற்கு ஏறக்குறைய 1,990 கோடி ரூபாய்க்கு மசகான் டாக்கோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். கப்பலைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு துண்டைச் சேர்த்து, மறுபடி பற்றவைப்பது. "வெட்டி ஒட்டுறதா?" என்று இரண்டு முறை கேட்டார். "பத்தவைக்கிறவன் கைய முதல்ல கும்பிடணும்."

மனைவியின் கையால் மதியச் சாப்பாடு: கவுனி அரிசிக் கஞ்சி, கருவாட்டுக் குழம்பு. விடைபெறும்போது, பாக் ஜலசந்தியில் நீர்மூழ்கி போக முடியுமா என்று கேட்டேன். "முழுகவே ஆழம் கிடையாதே" என்றார். உண்மைதான், அங்கே பெரும்பகுதி 15 மீட்டருக்குள். இன்றைய கல்வரியின் உயரமே 12 மீட்டருக்கு மேல். "ஆளில்லாத சின்னது போகும். இனிமே அதுதான் வரும்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஆத்தங்குடி. பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். ஒரு கல் 45 ரூபாய் முதல். ஒரு ஆள் கை நடுங்காமல் பூவின் இதழ் இதழாக நிரப்பிக்கொண்டிருந்தார். பல நீர்மூழ்கிகளின் வெளிப்பக்கம் முழுக்க இப்படித்தான் ஒவ்வொரு கல்லாக, ரப்பர் பலகைகளை ஒட்டுகிறார்கள். எதிரி அனுப்பும் ஒலியை விழுங்கவும், உள்ளே எழும் சத்தம் வெளியே போகாமல் தடுக்கவும். இரண்டாம் உலகப்போரிலேயே ஜெர்மனியின் யூ–480 இப்படி ரப்பர் போர்த்திக்கொண்டு ஓடியது. ஒட்டியது கழன்றால் இன்றும் தலைவலிதான். கப்பல் கட்டும் உலகத்தில் யாரும் கொண்டாடாத வேலைகள் எத்தனையோ, அதில் இந்த ஒட்டும் வேலையும் ஒன்று.

பட்டறைக்காரர் இரண்டு கல்லை இனாமாகக் கொடுத்தார். பெட்டி கனத்தது.

பிப்ரவரி 28, வெள்ளி. காரைக்குடி, தேசிய அறிவியல் நாள்

காலையிலிருந்து மேகமூட்டம், பதினோரு மணிக்குத் தூறல். ஆச்சி குடை கொடுத்து அனுப்பினார். போகும்போது கையில் ஒரு கந்தரப்பம்.

ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆச்சியின் உறவுக்காரர் ஒருவர் அங்கே தலைமை விருந்தினர். சிக்ரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னையும் வரச் சொல்லியிருந்தார். எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் இருந்தன. கடைசி மேசையில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், "கடல்நீர் விளக்கு" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மக்னீசியப் பட்டைகள், செம்புத் தகடுகள், வரிசையாக இணைத்த இரண்டு கிண்ணம் நீர், ஒரு எல்.இ.டி. விளக்கு. விளக்கு எரியவில்லை. முகம் வாடிப்போய் நின்றார்கள். அந்த சிக்ரி பெரியவர் நீரில் விரல் வைத்து நாக்கில் தொட்டார். "ஏம்மா, இது குழாய்த் தண்ணி. கடல் எங்க?" ஒருத்தி ஓடிப்போய்ச் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு கை கல் உப்பு கொண்டுவந்தாள். போட்டுக் கலக்கினதும் விளக்கு எரிந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அந்த மேசையிலேயே அவர் ஒரு வகுப்பு எடுத்துவிட்டார். டார்பிடோ பேட்டரி இதுதான் என்றார். செம்புக்குப் பதில் வெள்ளி குளோரைடு, அவ்வளவுதான் வித்தியாசம். கிடங்கில் வருடக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், கெடாது. டார்பிடோ கடலில் விழுந்து நீர் உள்ளே புகுந்ததும் உயிர் பெறும். நம் கடற்படையின் ஷியேனா டார்பிடோவும் கடல்நீர் பேட்டரியில் ஓடுவதுதான். "அப்ப கடலே பேட்டரிக்குள்ள வந்துருதா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். "வந்துருது" என்றார்.

பிறகு மரத்தடியில், வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, அவரும் நானும் நெடுநேரம் பேசினோம். எனக்குப் புதிதாகத் தெரிந்தது துருவைப் பற்றித்தான். கப்பலின் இரும்பு அரிக்காமலிருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறோம், அல்லது வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுக்கிறோம். இதுவரை எனக்குத் தெரியும். அந்த மின்னோட்டம் கடல்நீர் வழியாகத்தான் சுற்றி வருகிறது, அதனால் கப்பலைச் சுற்றி ஒரு மின்புலம் உண்டாகிறது. நுட்பமான கண்ணிவெடி அதையே மோப்பம் பிடிக்கும். "சத்தத்தை அடக்கிட்டோம். காந்தத்தையும் அடக்கிட்டோம். துருவைத் தடுக்கிறதே காட்டிக் கொடுக்குது" என்றார். வருங்கால நீர்மூழ்கியை மறைத்து வைக்கும் வேலையில் பாதி, அரிமானம் படித்தவர்களுடைய வேலைதான் என்பது அவர் கட்சி. நான் ஒப்புக்கொண்டேன். எங்கள் வடிவமைப்பு மேசையில் அவர்களைக் கடைசியில்தான் கூப்பிடுகிறோம். முதலிலேயே கூப்பிட வேண்டும்.

ஆளில்லா நீர்மூழ்கிகளுக்குப் பேச்சு போனது. போயிங் கட்டும் ஓர்கா, 26 மீட்டர் நீளம், முதல் கப்பல் 2023 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைக்குப் போனது. உள்ளே ஆளில்லை என்றால் படுக்கை வேண்டாம், காற்று வேண்டாம், சமையலறை வேண்டாம், அழுத்தம் தாங்கும் பெரிய உருளையே வேண்டாம். பேட்டரியை எண்ணெய் நிரப்பிய பெட்டியில் வைத்தால் உள்ளும் புறமும் ஒரே அழுத்தம், தடித்த சுவரும் தேவையில்லை. மனிதர் போவதென்றால் கதையே வேறு. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கட்டும் மத்ஸ்யா 6000 கலத்தில் மூன்று பேர் உட்காரும் கோளம் 2.1 மீட்டர் விட்டம்தான், ஆனால் 6,000 மீட்டர் ஆழத்துக்கு 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியம் வேண்டியிருக்கிறது. இந்த மாதம்தான் காட்டுப்பள்ளியில் அதை நீரில் இறக்கி முதல்கட்டச் சோதனைகளை முடித்தார்கள்.

ஆளில்லாக் கப்பலுக்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை பேச்சுத் தொடர்பு. சாதாரண ரேடியோ அலை கடலுக்குள் நுழையாது. திருநெல்வேலி விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது, அதுவும் மேல்மட்டத்தில் கொஞ்ச ஆழம் வரைதான் எட்டும். ஒலி தூரம் போகும், நொடிக்கு 1,500 மீட்டர், ஆனால் அதில் அனுப்பக்கூடிய தகவல் மிகக் கொஞ்சம். ஆக, ஆழத்தில் அது தனியாகத்தான் முடிவெடுத்தாக வேண்டும். வேவு பார்ப்பது, கடல்தளம் அளப்பது, கண்ணிவெடி தேடுவது, இதற்கெல்லாம் அனுப்புங்கள். கேட்டுச் சொல்ல வழியில்லாத ஆழத்தில் சுடலாமா என்ற முடிவை இயந்திரத்திடம் விடக்கூடாது. இதில் அவரும் நானும் ஒரே பக்கம்.

லித்தியமா, எரிகலமா என்று கடைசியில் கேட்டேன். "ரெண்டும். ஆனா செல்லை நாமே செய்யணும்" என்றார். இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது. நம் கல்வரி வகையின் ஆறாவது கப்பல் வக்ஷீர் போன மாதம் கடற்படையில் சேர்ந்தது. உடலை மும்பையில் நாமே கட்டுகிறோம். நாளைக்கு அதற்குள் வைக்கும் லித்தியம் செல்லை வெளிநாட்டில் வாங்கினால், எத்தனை நாள் முழுகி இருப்பது என்பதை இன்னொருவர் தீர்மானிப்பார். அந்தச் செல்லைச் செய்யும் அறிவும் ஆட்களும் இந்த ஊரில் எழுபது வருடமாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணமும் கெடுவும் கப்பல் கட்டும் திட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும், பின்னால் அல்ல.

கிளம்பும்போது உப்பு கொண்டுவந்த பெண் குடைக்குள் வந்து ஒட்டிக்கொண்டாள். பெயர் கேட்டாள், வேலை கேட்டாள். "அக்கா, பொம்பளப் பிள்ளைங்க சப்மரைன்ல போலாமா?" நம் நாட்டு நீர்மூழ்கிகளில் இன்னும் பெண்கள் பணியில் இல்லை, அதைச் சொன்னேன். போன செப்டம்பரில் அமெரிக்கா நியூ ஜெர்சி என்ற அணுசக்தி நீர்மூழ்கியைக் கடற்படையில் சேர்த்தது, ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்வதற்கென்றே முதலிலிருந்து வடிவமைத்த முதல் கப்பல், அதையும் சொன்னேன். தலைக்கு மேல் இருந்த வால்வுகளைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கியிருக்கிறார்கள், மூன்றடுக்குப் படுக்கைக்கு ஏறப் படி வைத்திருக்கிறார்கள். குட்டையான ஆண்களுக்கும் இது வசதிதானே என்றாள். வடிவமைப்பு என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து, எங்கே படிப்பது என்று கேட்டாள். சிக்ரிக்குள்ளேயே வேதி–மின்வேதியியல் பொறியியலில் பி.டெக். இருக்கிறது, கப்பல் கட்டும் படிப்பென்றால் சென்னை ஐ.ஐ.டி., கொச்சி, விசாகப்பட்டினம் என்று அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் நோட்டை மூடவில்லை. மக்னீசியம் கரைந்து தீர்ந்துபோனால் திரும்ப சார்ஜ் ஏற்ற முடியுமா என்றாள். முடியாது, டார்பிடோவுக்கு ஒரே ஓட்டம்தான் என்றேன். அப்படியென்றால் கப்பலுக்கு அது உதவாதே, கப்பல் திரும்பி வரணுமே என்றாள். ஆமாம், அதனால்தான் கப்பலுக்கு வேறு வேதியியல் என்று சொல்லி, ஈயம், லித்தியம், ஹைட்ரஜன் மூன்றையும் அவள் நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.